பன்னிரண்டு மணி ரயில்: அண்மையில் பார்த்த பழைய வெஸ்டர்ன் படங்கள்

ராத்திரி ஷோ:

மூன்று வாரமாக ஒரு புதுப் பழக்கம். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு ஒரு பழைய கௌபாய் படம். நேற்று ‘ஹை நூன்’ (1952) போட்டேன். கல்லூரி நாட்களில் பார்த்தபோது பாதியில் தூங்கிவிட்ட படம் இது. நேற்று தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போகவில்லை.

பார்க்காதவர்களுக்குக் கதை இதுதான். வில் கேன் ஒரு சிற்றூரின் மார்ஷல், அதாவது காவல் அதிகாரி. காலையில் கல்யாணம், அன்றோடு பதவி விலகல். மோதிரம் மாற்றிய சூட்டோடு சேதி வருகிறது: அவர் சிறைக்கு அனுப்பிய ஃபிராங்க் மில்லர் விடுதலையாகிப் பன்னிரண்டு மணி ரயிலில் வந்துகொண்டிருக்கிறான். அவனுடைய ஆட்கள் மூன்று பேர் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறார்கள். மார்ஷல் வீடு வீடாகப் போய் உதவி கேட்கிறார். நண்பன் வீட்டுக்குள் இருந்துகொண்டே மனைவியை விட்டு இல்லை என்று சொல்லச் சொல்கிறான். நீதிபதியோ தராசையும் கொடியையும் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டே கிளம்புகிறார். படம் 85 நிமிடம், கதைக்குள் ஓடும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

என்னைப் பிடித்து உலுக்கியது ஒரு சின்ன இடம். அந்த ஊரில் முடிதிருத்துகிறவர்தான் சவப்பெட்டியும் செய்து தருகிறவர். மார்ஷல் முகம் கழுவ அவர் கடைக்குப் போகிறார். பின்கட்டில் சுத்தியல் சத்தம். முடிதிருத்துகிறவர் ஓடிப்போய் அதை நிறுத்திவிட்டு வருகிறார். என்ன வேலை நடக்கிறது என்று மார்ஷல் கேட்க, ஏதோ சில்லறை வேலை என்று மழுப்புகிறார். காசு கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, உங்கள் ஆளை வேலையைத் தொடரச் சொல்லலாம் என்கிறார் மார்ஷல். குரலில் கோபம் இல்லை. அதுதான் சங்கடமாக இருக்கிறது.

நீங்கள் எல்லாம் அண்மையில் என்ன பார்த்தீர்கள்? சொல்லுங்கள்.

மலைக்கோட்டை மணி:

வணக்கம் ராத்திரி ஷோ சார். நல்ல படம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் எதிர்க்கட்சி. போன ஞாயிறு ‘ரியோ பிராவோ’ (1959) நாலாவது தடவை பார்த்தேன்.

ஹோவர்ட் ஹாக்ஸ் அந்தப் படத்தை எடுத்ததே ‘ஹை நூன்’ மீது இருந்த எரிச்சலில்தான். ஒரு நல்ல ஷெரிஃப் ஊரெல்லாம் போய்க் கையேந்தி நிற்பானா என்பது அவர் கேள்வி. அவர் படத்தில் ஜான் வெய்ன் யாரிடமும் கேட்பதில்லை. பழைய நண்பன் ஆட்களைத் தருகிறேன் என்று வலிய வந்து சொல்லும்போதும் வேண்டாம் என்கிறார். பெண்டாட்டி பிள்ளை உள்ளவர்களை இதில் இழுக்காதே என்கிற நியாயம். கூட இருப்பது ஒரு குடிகாரன், ஒரு நொண்டிக் கிழவன், ஒரு வயசுப் பையன். இந்தச் சில்லறைப் பட்டாளத்தை வைத்துக்கொண்டு ஜெயிலைக் காப்பாற்றுவதுதான் 141 நிமிடமும்.

தொடக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நாலு நிமிடத்துக்குப் பேச்சே கிடையாது. டீன் மார்ட்டின் அழுக்குச் சட்டையோடு பின்வாசல் வழியாக மதுக்கடைக்குள் நுழைகிறார். குடிக்கக் காசு இல்லை. ஒருத்தன் சிரித்துக்கொண்டே வெள்ளிக் காசைத் தூக்கிக் காட்டி, அதை எச்சில் பணிக்கத்தில் போடுகிறான். குனிந்து எடுக்கப் போகிறார். பணிக்கத்தை ஒரு கால் எட்டி உதைக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் ஜான் வெய்ன். ஒரு மனிதன் எவ்வளவு கீழே விழுந்திருக்கிறான் என்பதை இதற்கு மேல் வசனம் எழுதியா சொல்ல வேண்டும்?

செவ்வந்தி:

மணி அண்ணா, ‘ரியோ பிராவோ’ எனக்கும் உயிர். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? உதவி வேண்டாம் வேண்டாம் என்கிற அந்த ஷெரிஃபைத்தான் படம் முழுக்க மற்றவர்கள் காப்பாற்றுகிறார்கள். விடுதி வாசலில் மூன்று பேர் அவரை மடக்கும்போது ஏஞ்சி டிக்கின்சன் ஜன்னலை உடைத்துக்கொண்டு பூந்தொட்டியை எறிகிறார். அந்தச் சத்தத்தில்தான் பையன் துப்பாக்கியைத் தூக்கிப் போடுகிறான். அந்தத் தொட்டி இல்லை என்றால் படம் அங்கேயே முடிந்தது. திரைக்கதை எழுதிய இருவரில் லீ பிராக்கெட் ஒரு பெண் என்பதையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

‘ஹை நூன்’ மார்ஷலோ கேட்கிறார், கேட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் சுடுவது அவர் புது மனைவியாக வரும் கிரேஸ் கெல்லி. கொலையே கூடாது என்கிற குவேக்கர் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பெண், ஜன்னல் வழியாக ஒருவனை முதுகில் சுடுகிறாள். சுட்ட பிறகு அவள் முகத்தை நிறுத்திப் பாருங்கள். வெற்றிக் களை துளியும் இல்லை.

அதனால் கேட்பதா கூடாதா என்ற சண்டையில் நான் எந்தக் கட்சியும் இல்லை. நான் கடைக்காரியாக நடித்த கேட்டி ஹுராடோவின் கட்சி. அந்த ஊரில் நடப்பதை முழுக்கப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அந்த மெக்சிகோக்காரிதான். கடையை விற்றுவிட்டு நிமிர்ந்த தலையோடு ரயிலேறிப் போகிறாள்.

பழைய டிக்கெட்:

ஸ்டேஷனில் காத்திருக்கும் மூன்று பேரில் லீ வான் கிளீஃபும் ஒருவர். என்ன வில்லத்தனமாக வசனம் பேசுவார்! முதல் படம் என்று சொன்னால் நம்ப முடியாது.

ராத்திரி ஷோ:

பழைய டிக்கெட், முதல் படம் என்பது சரி. வசனம் என்பதில்தான் சறுக்கிவிட்டீர்கள். அவருக்கு அந்தப் படத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை! மவுத் ஆர்கன் வாசிப்பார், முறைப்பார், அவ்வளவுதான். முதலில் அவரை ஒரு பெரிய பாத்திரத்துக்கு யோசித்தார்களாம், மூக்கைச் சரிசெய்துகொள்ளச் சொன்னார்களாம், மாட்டேன் என்றதால் பேச்சில்லாத வேடம் என்று ஒரு கதை உண்டு. பதினாலு வருஷம் கழித்து அதே மூக்குதான் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனேயின் குளோசப்பில் திரை முழுக்க நின்றது.

பழைய டிக்கெட்:

அட ஆமாம். மவுத் ஆர்கனைத்தான் வசனமாக ஞாபகம் வைத்திருக்கிறேன் போல. மன்னிக்கவும்.

கத்திரி வெயில்:

மவுத் ஆர்கன் என்றதும் வந்தே ஆக வேண்டியதாகிவிட்டது. போன வாரம் அதே லியோனேயின் ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்’ (1968). அதன் தொடக்கம் ‘ஹை நூன்’ தொடக்கத்தை எடுத்து ரப்பர் மாதிரி இழுத்தது. மூன்று பேர், ஒரு பாழடைந்த ஸ்டேஷன், வராத ரயில். ஒருவர் தலையில் மேலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அவர் நகரவில்லை, தொப்பியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தொப்பியின் விளிம்பில் தேங்கியதைக் கடைசியில் எடுத்துக் குடித்தே விடுகிறார். இன்னொருவர் விரல்களைச் சொடுக்கிக்கொண்டிருக்கிறார். மூன்றாமவர் ஜாக் ஈலம். அவர் முகத்தில் ஒரு ஈ. ஊதி ஊதி விரட்டுகிறார், போகவில்லை. துப்பாக்கிக் குழலால் அதைச் சுவரோடு அமுக்கி, குழலுக்குள் சிறைப்பிடித்து, காதில் வைத்து அதன் ரீங்காரத்தைக் கேட்டுச் சிரிக்கிறார்.

பின்னணி இசை கிடையாது. காற்றாலை கிறீச்சிடுவது, சொட்டும் தண்ணீர், ஈ. கடைசியில் ரயில் வந்து போன பிறகு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் சார்லஸ் பிரான்சன். மூன்று பேரும் முக்கால் நிமிடத்தில் காலி. பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருந்தது அதற்குத்தான்.

கூடுதல் தகவல்: அந்த ஜாக் ஈலம் ‘ஹை நூன்’ படத்திலும் இருக்கிறார். ஜெயிலில் கிடக்கும் குடிகாரன். மார்ஷல் அவனைத் திறந்து வீட்டுக்கு அனுப்புவாரே, அவன்தான்.

புதுக்குதிரை:

எல்லோருக்கும் வணக்கம், நான் புதுசு. எனக்குத் தெரிந்த வெஸ்டர்ன் என்றால் கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் குதிரையில் வந்த ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ வகையறாதான். அதுவும் அப்பா புண்ணியத்தில். எதில் தொடங்கலாம்? கறுப்பு வெள்ளை என்றால் கொஞ்சம் பயம்.

மலைக்கோட்டை மணி:

பயப்படாதீர்கள் தம்பி. ‘ஷேன்’ (1953) கலர்தான், அதில் தொடங்குங்கள். வயோமிங் மலைகள் சும்மா பின்னால் நின்றுகொண்டே இருக்கும். ஜாக் பாலன்ஸ் சேற்றுத் தெருவில் ஒரு அப்பாவியைச் சுடும் காட்சியில் வெடிச்சத்தத்துக்குத் தயாராக இருங்கள். சுடப்பட்டவர் பின்னால் தூக்கி எறியப்படுவதற்காக இடுப்பில் கம்பி கட்டி இழுத்தார்கள். அதுவரை படங்களில் சுடப்பட்டவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சரிவான். அப்புறம் கறுப்பு வெள்ளைக்குத் தானாக வந்துவிடுவீர்கள்.

வல்லைவெளி:

நான் யாழ்ப்பாணப் பக்கம். அதிகம் எழுதுவதில்லை, வாசிப்பதோடு சரி. இரண்டு கிழமைக்கு முன் ‘தி சர்ச்சர்ஸ்’ (1956) பார்த்தேன். எல்லோரும் தலையில் தூக்கி வைக்கிற படம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கொமாஞ்சி என்ற அமெரிக்கப் பழங்குடியினர் கொண்டுபோன பெண்ணைத் தேடிப் போகிற ஜான் வெய்ன், ஒரு செத்த கொமாஞ்சியின் கண்களைச் சுடுகிறார். கண் இல்லாவிட்டால் அவன் ஆவி அலைந்துகொண்டே இருக்கும் என்கிற அவர்களுடைய நம்பிக்கையைத் தெரிந்துகொண்டே சுடுகிறார். இப்படியொருவரை நாயகன் என்று எப்படி ஏற்பது?

கொமாஞ்சித் தலைவனாக நடித்தவர் பெர்லினில் பிறந்த ஹென்றி பிராண்டன். சுற்றி நிற்பவர்கள் நவஹோ என்ற வேறொரு பழங்குடி மக்கள். கதை நடப்பது டெக்சாஸ், படமெடுத்தது யூட்டா-அரிசோனா எல்லையில் உள்ள மொனுமென்ட் வேலி. இடமும் பொய், ஆளும் பொய்.

செவ்வந்தி:

வல்லைவெளி, நீங்கள் சொன்னதில் ஒன்றைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் இயக்குநர் ஜான் ஃபோர்ட் அவரை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறாரா? படத்தின் முதல் காட்சியில் இருட்டு வீட்டின் கதவு திறக்கிறது, வெளியே வெயிலில் அவர் வருகிறார். கடைசிக் காட்சியில் எல்லோரும் வீட்டுக்குள் போகிறார்கள், அவர் மட்டும் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி நடக்கிறார், கதவு மூடுகிறது. அந்த வீட்டுக்குள் அவருக்கு இடமில்லை என்று படமே சொல்கிறது.

வாசலில் நிற்கும்போது இடக்கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொள்வார். அது பழைய நடிகர் ஹாரி கேரி நிற்கும் விதம். அவர் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. அவர் மனைவி ஆலிவ் கேரியும் அந்தப் படத்தில் நடித்திருக்கிறார்.

உண்மைக் கதை இன்னும் கொடுமை. 1836இல் டெக்சாஸில் சிந்தியா ஆன் பார்க்கர் என்ற சிறுமியைக் கொமாஞ்சிகள் கொண்டுபோனார்கள். 1860இல் ‘மீட்டு’ வந்தபோது அவள் மூன்று பிள்ளைகளின் தாய், கொமாஞ்சியாகவே ஆகிவிட்டவள். திரும்பிப் போகத்தான் தவித்தாள், விடவில்லை. அவளைத் தேடிப் போனவர்களைப் பற்றித்தான் படம் எடுக்கிறோம். அவள் பக்கத்தை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

வல்லைவெளி:

அது விளங்குகிறது. கதவு மூடும் இடம் எனக்கும் தொண்டையை அடைத்தது. ஆனாலும் அந்தக் கண்களை மறக்க முடியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் இருக்கும் போல.

கத்திரி வெயில்:

ஒரு சின்னப் புலம்பல். நான் ‘தி சர்ச்சர்ஸ்’ பார்த்த இணையத்தளத்தில் படத்தின் மேலும் கீழும் வெட்டி டிவிக்குப் பொருத்தியிருந்தார்கள். மொனுமென்ட் வேலியில் மலை முகட்டை வெட்டினால் மிச்சம் என்ன இருக்கும், மணல்தான். எழுதிக் கேட்டேன், உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று பதில் வந்தது. சரி, மேலே பேசுவோம்.

பழைய டிக்கெட்:

முன்னே சறுக்கியதற்குப் பரிகாரமாக ஒன்று. ‘மை டார்லிங் கிளமென்டைன்’ (1946) பார்த்தேன். அதில் ஹென்றி ஃபோண்டா தாழ்வாரத்தில் நாற்காலியைப் பின்னால் சாய்த்து, எதிரே இருக்கும் தூணில் ஒரு கால், மறு கால் என்று மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கதைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. படத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது அதைத்தான்.

வரலாறு என்று நம்பிவிடாதீர்கள். படம் காட்டும் ஓகே கொரால் துப்பாக்கிச் சண்டை நிஜத்தில் நடந்தது 1881 அக்டோபர் 26, மொத்தமே அரை நிமிடம். அந்தச் சண்டையில் இருந்த டாக் ஹாலிடே படத்தில் அங்கேயே சாகிறார். நிஜத்தில் 1887இல் காசநோயில் படுக்கையில் இறந்தார். எங்கே தப்பு என்று தெரிந்துகொண்டே ரசிக்க முடிகிறது, அதுதான் ஆச்சரியம்.

மலைக்கோட்டை மணி:

மறுபடி ‘ஹை நூன்’ பக்கம் இழுக்கிறேன். செவ்வந்தி சொன்னதைப் படித்துவிட்டு நேற்று மறுபடி பார்த்தேன், பார்த்துவிட்டுக் கொஞ்சம் தேடினேன். எதிர்க்கட்சித் தலைவர் பதவியை ராஜினாமா செய்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

திரைக்கதை எழுதியவர் கார்ல் ஃபோர்மன். 1951இல் படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அவரைக் கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு கூப்பிட்டது. முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். கூட இருந்தவர்கள் பெயரைச் சொல் என்றார்கள். சொல்லவில்லை. அதோடு ஹாலிவுட்டில் கதவுகள் மூடின, கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். தெருவில் எதிரே வருகிறவர் பார்க்காத மாதிரி போவதை மனிதர் ஒரு பக்கம் அனுபவித்துக்கொண்டே மறுபக்கம் எழுதியிருக்கிறார்.

இதில் மார்ஷலாக நடித்த காரி கூப்பர் வலதுசாரி. 1947இல் அதே குழுவுக்கு முன்னால் போய்ச் சாட்சி சொன்னவர். ஆனால் ஃபோர்மனை விட்டுக்கொடுக்கவில்லை. ஜான் வெய்னுக்கோ படமே ஆகாது. ஃபோர்மனை நாட்டைவிட்டு விரட்டியதில் தனக்கும் பங்குண்டு என்று பின்னாளில் பேட்டியில் பெருமையாகவே சொன்னார். வேடிக்கை என்னவென்றால், 1953 மார்ச்சில் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் கூப்பருக்குக் கிடைத்தபோது அவர் விழாவுக்கு வரவில்லை. அவர் சார்பில் மேடையேறி வாங்கிக்கொண்டவர் ஜான் வெய்ன்!

ராத்திரி ஷோ:

மணி, ராஜினாமாவை ஏற்கவில்லை. இன்னொரு வேடிக்கை இருக்கிறது. ‘ஹை நூன்’ இசை டிமிட்ரி டியோம்கின். உங்கள் ‘ரியோ பிராவோ’ இசையும் அவரேதான். சண்டைக்காரர்கள் இரண்டு பேர் வீட்டிலும் ஒரே சமையல்காரர். அவர் டெக்சாஸும் இல்லை, அரிசோனாவும் இல்லை. உக்ரைனில் பிறந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பியானோ படித்தவர்.

வல்லைவெளி:

கார்ல் ஃபோர்மன் என்ற பெயரைப் பார்த்ததும் துள்ளி எழுந்தேன். இங்கிலாந்துக்குப் போன பிறகு அவர் எழுதியதுதானே ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ (1957)? அது எங்கள் நாட்டில், கிதுல்கலவில் களனி ஆற்றின் மேல் பாலம் கட்டி எடுத்த படம். கறுப்புப் பட்டியலில் இருந்ததால் அவர் பெயரும் மைக்கேல் வில்சன் பெயரும் திரையில் வரவில்லை. ஆஸ்கர் போனது நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியேர் பூலுக்கு. அவர் ஆங்கிலத்தில் எழுதுகிறவரே இல்லை! இருவரும் இறந்த பிறகுதான் அவர்கள் பெயருக்கு விருது திரும்பியது.

அம்மப்பாவோடு சின்ன வயதில் அங்கே போயிருக்கிறேன். பாலம் இல்லை, படத்திலேயே வெடித்துவிட்டார்களே. கரையில் கொங்கிரீட் அடித்தளம் மட்டும் கிடந்தது. நான் அதன் மேல் ஏறி நிற்க, இறங்கு வழுக்கும் என்று அம்மப்பா கத்தினார். அந்தப் பாலத்தை எழுதியவரும் இந்த மார்ஷலை எழுதியவரும் ஒருவர் என்று இன்றைக்குத்தான் தெரியும்.

புதுக்குதிரை:

நடுவில் வருகிறேன். ‘ஷேன்’ பார்த்தாகிவிட்டது. சத்தத்துக்குத் தயாராக இருந்தும் தூக்கிப் போட்டது. கார்ல் ஃபோர்மன் என்று தேடினால் ‘மெக்கன்னாஸ் கோல்டு’ என்று வருகிறதே, சரியா? அப்பா அடிக்கடி சொல்லும் படம் அது.

பழைய டிக்கெட்:

தம்பி! சரியேதான்! ‘மெக்கன்னாஸ் கோல்டு’ (1969) திரைக்கதை கார்ல் ஃபோர்மன். தயாரிப்பு யார் தெரியுமா? கார்ல் ஃபோர்மனும் டிமிட்ரி டியோம்கினும். ‘ஹை நூன்’ கூட்டாளிகள் இருவரும் பதினேழு வருஷம் கழித்துச் சேர்ந்து எடுத்தது. அமெரிக்காவில் அது பெரிதாக எடுபடவில்லை. நம் ஊரில்தான் ஓடு ஓடு என்று ஓடியது. என் சித்தப்பா ஏழு தடவை பார்த்தாராம். பூகம்பத்துக்காக என்பார். சித்தி மட்டும், குளத்தில் ஜூலி நியூமர் நீந்துகிற காட்சி என்பார்.

படப்பிடிப்பைப் பார்த்துக் குறும்படம் எடுக்க ஃபோர்மன் சில மாணவர்களை அழைத்துப் போயிருந்தார். அதில் ஒரு பையன் பின்னாளில் ‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்த ஜார்ஜ் லூகாஸ்.

கத்திரி வெயில்:

ஆக, ‘ஹை நூன்’ தூக்கம் வருகிற படம் என்று சொன்ன நம் அப்பாக்களும் சித்தப்பாக்களும் அதே ஆள் எழுதிய படத்துக்குத்தான் வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

சினிமாவாகப் பார்த்தால் இரண்டும் ஒரே தராசில் நிற்காது, சொல்லிவிடுகிறேன். ‘மெக்கன்னாஸ் கோல்டு’ படத்தில் தந்திரக் காட்சிகள் இன்று பார்த்தால் பல்லிளிக்கின்றன. ஆனால் விடியற்காலையில் அந்த ஒற்றைப் பாறைத் தூணின் நிழல் நீண்டு நீண்டு போய், மறைந்திருக்கும் வழியைக் காட்டுகிற இடம் இருக்கிறதே, அதற்கு இன்றும் ரோமம் சிலிர்க்கிறது. அந்தத் தூண் நிஜம். அரிசோனாவில் இருக்கிறது, ஸ்பைடர் ராக் என்று பெயர்.

ராத்திரி ஷோ:

உங்கள் எல்லோராலும் ஒரு காரியம் நடந்தது. சனிக்கிழமை அப்பாவை உட்கார வைத்து இரண்டையும் போட்டேன். அவருக்கு எழுபத்திரண்டு வயது. முதலில் ‘ஹை நூன்’. சப்டைட்டில் படிக்க மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு அடிக்கப் போகிற நேரத்தில் பெண்டுலம், காலி நாற்காலி, தேவாலயத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் முகம், மதுக்கடையில் இருப்பவர்கள் முகம் என்று ஒவ்வொன்றாக வெட்டிக் காட்டுவார்களே, அப்போது மட்டும் எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். படம் முடிந்ததும், “நட்சத்திரத்தக் கழட்டி மண்ணுல போட்டான் பாரு, அது சரி” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அப்புறம் ‘மெக்கன்னாஸ் கோல்டு’. இதற்குச் சப்டைட்டிலே தேவைப்படவில்லை, அடுத்து யார் சாவார் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தார். மலை சரிந்து, தங்கமெல்லாம் புதைந்து, கிரிகோரி பெக்கும் அந்தப் பெண்ணும் வெறுங்கையோடு குதிரையில் கிளம்புகிறார்கள். நான் எழுந்து விளக்கைப் போடப் போனேன். “உக்காரு, பையப் பாரு” என்றார். பெக் ஏறிப் போவது சார்ஜெண்டாக வரும் டெலி சவாலஸின் குதிரை. சேணத்தில் தொங்கும் பை நிறையத் தங்கம். அது பெக்குக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் தியேட்டரில் அந்த இடத்தில் பாதிப் பேர் எழுந்து நின்று திரையைப் பார்த்து, “யோவ், பையில பாருய்யா!” என்று கத்துவார்களாம்.

புதுக்குதிரை:

எங்கள் அப்பாவும் கத்தியிருக்கிறாராம். இப்போதுதான் போனில் கேட்டேன்.

செவ்வந்தி:

கிரிகோரி பெக் வந்துவிட்டதால் அடுத்த வாரத்துக்கு ‘தி கன்ஃபைட்டர்’ (1950) என்று முன்மொழிகிறேன். அதிலும் சுவரில் ஒரு கடிகாரம், அதிலும் காத்திருப்பு, ‘ஹை நூன்’ படத்துக்கு இரண்டு வருஷம் முந்தியது. பெக் அதில் தொங்கு மீசை வைத்திருப்பார். படம் எதிர்பார்த்த அளவு ஓடாததற்கு அந்த மீசைதான் காரணம் என்று ஸ்டுடியோ முதலாளி புலம்பினாராம்.

ராத்திரி ஷோ:

அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். மீசை நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார். வியாழக்கிழமை போடுகிறோம்.